வெள்ளிக்கிழமைக் கொய்யா

இல்லை. எஸ்தர் அக்கா வாயைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவர் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது நம்மில் ஒருவர், "பாவம், ஆசைக்கு ஒரு வாய் ஸ்வீட் சாப்பிடாமலே போயிட்டாங்க" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

செய்தி புதன்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸில் வந்தது. வண்டலூர் தாண்டியிருந்தோம். அவர் கணவர் சாமுவேல் அண்ணன் அனுப்பியிருந்த ஒரே வரி: 'எஸ்தர் இன்று விடியற்காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்.' என் பக்கத்து ஜன்னல் இருக்கை மூன்று மாதமாகக் காலி. அதில் என் பையை வைத்திருந்தேன். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலை. தர ஆய்வுப் பிரிவு. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு இருபத்தெட்டு. ஐந்து வருடம் ஒரே மேசை, ஒரே பஸ். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை என்னைவிட அதிக நாள் தெரியும். ஆனால் பக்கத்து இருக்கை என்னுடையது.

நம் பிரிவில் பிறந்தநாள்காரர்தான் நாலு மணி டீக்குக் கேக்கும் பஃப்ஸும் வாங்க வேண்டும். அக்காவும் வாங்குவார். வெட்டுவார், எல்லோர் கையிலும் கொடுப்பார், கத்தியைக் கழுவி வைப்பார். தான் சாப்பிட மாட்டார். சர்க்கரை நோய் வந்துவிடும் என்று பன்னிரண்டு வருடம் முன்பு டாக்டர் எச்சரித்ததில் விட்டது. ஒரு வருடம் பிரகாஷ் எழுந்து நின்று, "அக்காவோட வில் பவருக்கு ஒரு கைதட்டு!" என்றான். தட்டினோம். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏன்டா, நீ தினம் சோப்பு போட்டுக் குளிக்கிற. ஒரு நாளாவது அதைக் கடிச்சிருக்கியா? உனக்கு யாராவது கை தட்டினாங்களா?"

சிரித்தோம். யாரும் அதை நம்பவில்லை.

தொடக்கம் சுலபமாக இருந்ததாக அவர் சொன்னதில்லை. "மொத ஆறு மாசம் ஒரே பேஜார். குரோம்பேட்டைல ஒரு ஸ்வீட் கடை வாசல்ல நின்னு, கண்ணாடியைத் தொட்டுட்டு வந்திருக்கேன். தொட்டுட்டு! கடைக்காரன் என்ன நினைச்சானோ." பிறகு எப்போது மாறியது என்று கேட்டேன். "தெரியல நிவே. ஒரு நாள் வெண்டைக்காய் பொரியல் சாப்பிடறேன், அதுல இனிப்பு தெரியுது. இவரைக் கூப்பிட்டு, சக்கரை போட்டீங்களான்னு சண்டை போட்டேன்." ஒருமுறை கேன்டீனில் சர்க்கரை போட்ட டீ மாறி வந்துவிட்டது. ஒரு வாய் குடித்து என் பக்கம் தள்ளினார். "இது பாயசம். நீயே வச்சுக்கோ."

அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் கேட் எதிரில் நிற்கும் தள்ளுவண்டியில் ஒரே ஒரு கொய்யா. நாலைந்தை எடுத்து அமுக்கிப் பார்ப்பார். விரல் பதிந்தால் வேண்டாம். கொஞ்சம் காயாக இருக்க வேண்டும். உப்பு, மிளகாய்த்தூள் கூடாது. கூடுவாஞ்சேரி சிக்னல் தாண்டும்வரை கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருப்பார். அப்புறம் முதல் கடி. பெருங்களத்தூரில் கடைசிக் கடி. ஒரு கொய்யாவுக்கு அத்தனை தூரம். நடுவில் பேச மாட்டார். பின் இருக்கையிலிருந்து பிரகாஷ், "அக்காவுக்குப் பார்ட்டி ஆரம்பிச்சிடுச்சுடா, டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்பான். கையை மட்டும் ஆட்டுவார்.

"தினம் வாங்கலாமே அக்கா?"

"தினம் தின்னா அது வெறும் பழம்."

இத்தனையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அப்படியும் அந்தத் தவறைச் செய்தேன்.

நோய் கணையத்தில் என்றார்கள். சர்க்கரை நோய்க்குப் பயந்து இனிப்பை விட்டவருக்கு வேறு ஒன்று வந்தது. மூன்று மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், இனி அவங்க என்ன வேணாலும் சாப்பிடலாம் என்றாராம். அதன் பொருள் நம் எல்லோருக்கும் தெரிந்தது. பிரிவில் எல்லோரும் சேர்ந்து நெய் மைசூர்பாகு ஒரு பெட்டி வாங்கினோம். பன்னிரண்டு வருடக் கடனைத் தீர்ப்பதுபோல. நான் பக்கத்து ஊர் என்பதால் என்னிடம் கொடுத்தனுப்பினீர்கள். வியாழக்கிழமை மாலை செம்பாக்கம் போனேன்.

ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். நமக்காக. ஓரத்தைக் கடித்தார். விழுங்க முடியவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கைத்துண்டில் துப்பினார்.

"கோச்சுக்காத நிவே. தொண்டை எரியுது."

"ஐயோ, இல்லக்கா."

"ஃப்ரிட்ஜைத் திறந்து பாரு. அல்வா, ஜாங்கிரி, கேக். வர்றவங்க எல்லாம் என்னவோ எனக்கு ஜெயில்லருந்து விடுதலை கிடைச்ச மாதிரி கொண்டாராங்க. நான் எப்போ உள்ள இருந்தேன்?"

மூச்சு வாங்கியது. சாமுவேல் அண்ணன் தலையணையைச் சரிசெய்தார். பிறகு அக்கா கேட்டார்: "இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?"

வியாழன் என்றேன்.

"கொய்யாதானே? நான் இப்பவே போய் வாங்கிட்டு வரேன்" என்று அண்ணன் செருப்பைத் தேடினார்.

"நாளைக்கு" என்றார் அக்கா.

"எஸ்தர், நாளைக்கு வரைக்கும்..." அண்ணன் முடிக்கவில்லை.

"நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை."

அந்த ராத்திரி நான் ஜெபம் மாதிரி எதையோ சொன்னேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம். நாளைக்கு வரை என்பதுதான் கோரிக்கை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து தள்ளுவண்டியில் ஒன்று வாங்கினேன். அவரால் கடிக்க முடியாதே என்று சற்றுப் பழுத்ததாகப் பார்த்து எடுத்தேன். கைக்குட்டையில் சுற்றினேன். போனபோது விழித்திருந்தார். முகம் கழுவி, தலை வாரி விட்டிருந்தார்கள். அண்ணன் பழத்தை இரண்டாக நறுக்கி, ஸ்பூனால் சுரண்டிக் கொடுத்தார். விதை வராமல் ஓரத்திலிருந்து மட்டும். மூன்று ஸ்பூன். ஒவ்வொன்றுக்கும் நெடுநேரம். நடுவில் நாங்கள் யாரும் பேசவில்லை. விழுங்கி முடித்துக் கண்ணைத் திறந்தார்.

"நல்லா இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் காயா வாங்கியிருக்கலாம் நீ."

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்.

ஆசைக்கு ஒரு வாய் சாப்பிடாமல் போகவில்லை. மூன்று வாய் சாப்பிட்டார். குறையும் சொன்னார். வேண்டாததைச் சாப்பிட்டவர்கள் அப்படிக் குறை சொல்ல மாட்டார்கள்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்றால், அதிகமில்லை. எனக்கு இன்னும் கேக் பிடிக்கும். டீயில் ஒன்றரை ஸ்பூனிலிருந்து ஒரு ஸ்பூனுக்கு வந்திருக்கிறேன். தினமும் குறை தெரிகிறது. அவருடைய கைக்குட்டை என்னிடம் இல்லை. நான் சுற்றிக்கொண்டு போனது என்னுடையது. ஜன்னல் இருக்கைக்கு மாறிவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

அடக்கத்துக்குப் பின் வந்த வெள்ளிக்கிழமை கேட் எதிரில் நின்றேன். நாலைந்தை அமுக்கிப் பார்த்தேன். விரல் பதியாத ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கூடுவாஞ்சேரி சிக்னல் வரை மடியில் வைத்திருந்தேன்.