பெரியண்ணன் படம் மேலே வராது

ஃபஹீமாவோடு ஒரே ஆபீசில் குப்பை கொட்டுகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அவளை மாதிரி வாயாடியை நான் பார்த்ததில்லை. போத்தனூரிலிருந்து பஸ் ஏறி கணபதிக்கு வருவாள். கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து தருவது எங்கள் வேலை. யார் எதைக் கேட்டாலும் எங்கள் முதலாளி அருள்குமார் "ஆகட்டுங்க" என்பார். இவள் "எதுக்குங்க?" என்பாள். எப்படி ஒத்துப்போகும்?

தம்பிதுரை வந்தார். கிணற்று மோட்டார் செய்கிற கம்பெனி. அண்ணன் தம்பி நாலு பேர் பங்காளிகள், இவர் கடைசி. அவர்களுடைய பழைய வெப்சைட்டின் முதல் பக்கம் சாட்சாத் கல்யாண ஃபிளெக்ஸ்தான். உச்சியில் குலதெய்வம், அடுத்து மாலை போட்ட அப்பா, பிறகு வயது வரிசையில் நாலு பேர். பெரியண்ணன் படம் மட்டும் இரண்டு மடங்கு. பின்னணியில் நாதஸ்வரம் வேறு! எழுத்து மொத்தமும் படத்துக்குள் புதைந்து கிடந்தது. கூகுள் எதைப் படிக்கும், யாருக்குக் காட்டும்?

ஃபஹீமா எல்லாவற்றையும் தூக்கினாள். தண்ணீர் கொட்டும் தோட்டத்துக் கிணறு ஒன்றின் படம். பக்கத்தில் படமாக இல்லாமல் எழுத்தாகவே, 'கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார், கோயமுத்தூர்'. கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் போன் பட்டன். அண்ணன் தம்பிகள் 'எங்களைப் பற்றி' என்ற உள்பக்கத்துக்குப் போனார்கள். சத்தியமாக அழகாகத்தான் இருந்தது.

"ஏனம்மணி, எங்களையெல்லாம் காணோம்?" என்றார் தம்பிதுரை.

"பழையபடியே போட்டுறலாமுங்க," என்றார் அருள்குமார்.

"முடியாதுங்க," என்றாள் ஃபஹீமா. நான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடே ஓடுகிறது.

அவள் பாட்டுக்குப் பேசினாள். "ஏனுங்க, உங்க போன்ல 'கிணத்து மோட்டார்'னு மட்டும் போட்டுத் தேடுங்க. கம்பெனி பேரைப் போடாதீங்க."

தேடினார். யார் யார் கம்பெனியோ வந்தது. விரல் வலிக்கத் தள்ளியும் இவருடையது வரவில்லை. கடுப்பில் பழைய பக்கத்தையே திறந்தார். சாமி, அப்பாவுக்குப் பிறகு பெரியண்ணன் தலை வரைக்கும் படம் மெதுவாக இறங்கி வந்து நின்றது. நாதஸ்வரம் அலறியது. அதை நிறுத்தத் தெரியாமல் மனிதர் போனைத் தொடையில் கவிழ்த்து அமுக்கினார்.

"தோட்டத்துல மோட்டார் நின்னு, பயிர் காயுதுன்னு ஒருத்தர் தேடறாருங்க. உங்க நம்பர் எங்கீங்க?"

அவருக்கே கிடைக்கவில்லை. ஆனாலும் முகம் தெளியவில்லை. "நீ சொல்றது புரியுது கண்ணு. எங்க பெரியண்ணன் கோவிச்சுக்குவாரு. வரிசை மாறுனா எங்க ஊட்டுல பேச்சுவார்த்தையே நின்னுபோகும்."

"கோவிச்சாருன்னா எம்பேரைச் சொல்லுங்க. போத்தனூர்ப் புள்ள ஒருத்தி சொல்லச் சொல்லக் கேக்காம தூக்கிப்போட்டாள்னு சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் போனதும் அருள்குமார் கத்தினார். "அந்தப் பெரியவரு ஒரு வார்த்தை கொறை சொல்லட்டும், அடுத்த நாள்ல இருந்து நீ வர வேண்டாம்!"

"செரிங்க," என்றாள். பக்கத்தை மாற்றாமல் அப்படியே இணையத்தில் ஏற்றினாள். நான் கெஞ்சினேன், கேட்டால்தானே!

ஒரு மாதம் போனது. பட்டன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்த அழைப்புகள் எங்கள் ஆபீசுக்கும் வரும்படி வைத்திருந்தோம். ஒரு மத்தியானம் மணி அடித்தது. ஃபஹீமா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் தம்பிதுரைக்கு மூத்தவன். எம்படத்தைத் தூக்குனது எந்தப் புள்ள?"

அருள்குமார் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"நாந்தானுங்க. தூக்கலீங்க, உள்ள வெச்சிருக்கறனுங்க. இந்த நம்பர் எப்படிங்க கெடச்சுது?"

"எப்படியா? சும்மா 'கிணத்து மோட்டாரு'ன்னு போட்டுப் பாத்தேன். நம்முளுது வந்துது. தொறந்தவொடனே பட்டன் கைக்கிட்டயே இருந்துது, அமுக்கி..."

சொல்லும்போதே பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மணி, எவன் சொன்னாலும் அந்தப் பட்டனை எடுத்துராத. எம்படம் உள்ளயே கெடக்கட்டும் உடு."

போனை வைத்துவிட்டு ஃபஹீமா முதலாளி பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நான் வரட்டுங்களா, வேண்டாமுங்களா?"