ஏழு வேன், ஐந்து பேர்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம் நடந்தது இது. எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. வருடா வருடம் மஞ்சள் துணி உடுத்தி சமயபுரத்துக்கு நடந்து போவோம். இரண்டு நாள் நடை. மூன்றாம் நாள் காலையில் ஆத்தாளைத் தரிசித்துவிட்டு, மதியம் வேனில் திரும்புவோம். அந்த வருடம் வேன் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அதுவரை அந்த வேலையைப் பார்த்தவர் தாளும் பேனாவும் எடுக்க மாட்டார். "ஒரு வண்டி சேத்தே சொல்லிப்புடு" என்பார். கடைசி வண்டி எப்போதும் பாதி காலியாகவே வரும். எனக்கு அது வீணாகப் பட்டது. என் மகள் அப்போது பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். "ஆளு எத்தனைன்னு போடுங்கப்பா, வேன் எத்தனைன்னு அதுவே சொல்லிரும்" என்று ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். காலேஜுக்கு வெளியே அவள் எழுதிய முதல் புரோகிராம் அதுதான். பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பட்டியலை முடிக்கிற நேரத்தில் ஓர் அம்மா வந்தார். ஊருக்கு வெளியே காட்டுக்கொட்டாயில் குடியிருப்பவர். புருஷனுக்குக் கை கால் இழுத்து ஒன்றரை வருடமாகப் படுக்கை. அவருக்காக வேண்டிக்கொண்டு நடக்க வருகிறார்.

"அண்ணே, எனக்கு ஒரு எடம் இருக்குமா? மூணாம் நாளு மூணு மணிக்குள்ள வூட்டுல இருக்கணும். பக்கத்துக் கொட்டாய்ப் பொண்ணு லீவு போட்டுப் பாத்துக்கறேன்னுச்சு. அன்னிக்கு மூணு மணிக்கு அதுக்கு மில்லு வேன் வந்துரும்."

"ஆத்தாளப் பாக்க வர்றவங்களுக்கு எடமில்லாம போவுமாம்மா? எழுதிக்கிட்டேன், போங்க" என்றேன்.

அவரோடு சேர்த்து நூற்றுப்பதினேழு பேர். வண்டிக்குப் பதினைந்து. புரோகிராமில் போட்டதும் ஏழு என்று வந்தது. நான் எட்டாவது வரை படித்தவன், பதினைந்தால் வகுக்கத் தெரியாதவன் இல்லை. ஆனால் மிச்சம் மீதி இல்லாமல் முழுசாக ஏழு என்று பார்த்ததும் மனசு குளிர்ந்துபோனது. அதிலும் ஏழு, கன்னிமார் எண்ணிக்கை. ஆத்தாளே அளந்து கொடுத்ததாக நினைத்து, அதை ஒரு தாளில் எழுதி, குங்குமம் வைத்து சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். வேன்காரரிடம் ஏழு வண்டி சொன்னேன்.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணி வெயில். எல்லாருக்கும் காலில் கொப்புளம். எனக்குக் குதிகால் வெடித்து, நடந்தால் ரத்தம் வந்தது. பட்டியலில் இருந்த வரிசைப்படியே ஏற்றினேன். ஏழு வண்டியும் நிறைந்தன. கீழே இன்னும் பன்னிரண்டு பேர் நின்றோம்.

"எட்டாவது வண்டி எங்கய்யா?"

"ஏழுதான். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன்."

"ஏன், கம்ப்யூட்டரு மிச்சப் பேர மடியில ஒக்காந்து வரச் சொல்லுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருவிழா நாள், வேறு வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. டிரைவர்கள், "வண்டிக்கு ஒருத்தர் சேத்துக்கறோம். அதுக்கு மேல ஏத்துனா செக்போஸ்ட்ல நிக்க வச்சுருவாங்க" என்றார்கள். வயசானவர்கள், பிள்ளைக்காரிகள் என்று ஏழு பேரைத் திணித்தேன். வண்டிகள் கிளம்பிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர். அதில் அந்த அம்மாவும் இருந்தார். துணிப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

"ஏம்மா, நீங்க முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான்தாண்ணே கடைசியா பேரு குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான்.

நெடுஞ்சாலைக்கு நடந்தோம். வந்த பஸ் எல்லாம் படிக்கட்டு வரை கூட்டம், ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு மணி தாண்டிவிட்டது. அந்த அம்மாவின் போன் அடித்தது. "மில்லு வேன் சீக்கிரமே வந்துருச்சுக்கா. மாமாவுக்குக் கஞ்சி குடுத்துட்டேன். தண்ணிய பக்கத்துல வச்சிட்டுப் போறேன்" என்று அந்தப் பெண் சொல்வது எனக்கும் கேட்டது. "சரி தாயி, நீ போ" என்றார். அப்புறம் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் கையை நீட்டிக்கொண்டே நின்றார். எனக்கு வாய்க்குள் ஆத்தாளைக் கூப்பிடவும் வெட்கமாக இருந்தது.

திருச்சியில் சின்ன வெங்காயம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய குட்டியானை சரக்கு வண்டி ஒன்று தானாகவே ஓரம் கட்டியது. டிரைவருக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு.

"மஞ்சத் துணியா நிக்கிறீங்க, எந்தூருக்கு?"

சொன்னேன்.

"ஏறுங்க. நான் கிருஷ்ணாபுரம்தான். வெங்காயத் தோலு கெடக்கும், அழுதுபுட்டு என்னையச் சொல்லாதீங்க."

பெரம்பலூரில் இறங்கி வண்டி மாற வேண்டியதில்லை, எங்கள் ஊர்ப் பக்கம்தான் அவர் போகிற வழி. அந்த அம்மாவின் விஷயத்தைச் சொன்னதும் தன் ஊரைத் தாண்டி எங்களைக் காட்டுக்கொட்டாய் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். காசை நீட்டினேன். "சாமி கும்புட்டு வந்தவங்ககிட்ட வாங்க மாட்டேன்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

மணி நாலரை ஆகியிருந்தது. உள்ளே அவர் புருஷன் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். தண்ணிச் சொம்பை எடுக்கப் போய் விழுந்திருக்கிறார். நெற்றியில் அடி, வேட்டி முழுக்க ஈரம். எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாரோ தெரியாது. நாங்கள் இரண்டு பேர் தூக்கிப் படுக்க வைத்தோம். அவர் என்னையே பார்த்தார். பேச்சு வராது, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அம்மா பையிலிருந்து குங்குமத்தை எடுத்து அவர் நெற்றியில் காயம் படாத இடமாகப் பார்த்து வைத்தார். "ஆத்தா கொண்டாந்து சேத்துட்டாண்ணே, நீங்க போயிப் படுங்க. கால் எப்படி இருக்கு பாருங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் உடனே புரோகிராமைத் திறந்து பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

"வகுத்தா ஏழு புள்ளி எட்டு வருதுப்பா. வேன் முழுசாத்தானே இருக்கணும்னு முழு எண்ணா மாத்தச் சொன்னேன். பக்கத்து எண்ணுக்கு ஏத்திக்கும்னு நெனச்சேன். அது புள்ளிக்குப் பின்னாடி உள்ளத வெட்டிப் போட்டுருச்சு."

"எட்ட கூடவா வெட்டும்?"

"ஒம்பது இருந்தாலும் வெட்டும்பா. பக்கத்து எண்ணுக்கு மாத்துனாலும், ஏழு புள்ளி ரெண்டு வந்தா ஏழுன்னுதான் காட்டும், மூணு பேரு நிப்பாங்க. ஆளு கணக்குன்னா எப்பவும் மேலதான் ஏத்தணும். எனக்குத் தோணாம போச்சுப்பா" என்று அழுதாள்.

நான் அவளைத் திட்டவில்லை. அவளாவது தெரியாமல் எழுதினாள். எனக்கு வகுக்கத் தெரியும், அந்த அம்மா மூன்று மணி என்று சொன்னதும் தெரியும். எண் முழுசாக வந்த சந்தோஷத்தில் ஆட்களை எண்ணாமல் விட்டது நான்தான்.

மறுநாள் காலையில் அந்தத் தாளைச் சாமி படத்துக்குக் கீழேயிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பொறுப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மகள் திருத்திக் கொடுத்த புரோகிராமும் இருக்கிறது, சரியாகவே சொல்கிறது. ஆனாலும் வண்டியில் ஏற்றும்போது நான் பட்டியலைக் கடைசிப் பெயரிலிருந்துதான் கூப்பிடுகிறேன். அந்த அம்மா சுவரோரமாக நின்றது அப்போதெல்லாம் கண்ணில் வந்துவிடுகிறது.