பலகை படிக்கிறவர்

காஞ்சிபுரத்திலிருந்து ஏனாத்தூர் கல்லூரிக்குப் பாடம் நடத்த நான் போகும் ஷேர் ஆட்டோவில் அவரைப் பார்ப்பேன். கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நெற்றி நிறைய விபூதி. வழியில் வரும் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படிப்பார். பல் ஆஸ்பத்திரி, டியூஷன் சென்டர், எதையும் விடமாட்டார்.

ஒருநாள் என் மடியிலிருந்த வரலாற்றுப் பாடக் குறிப்பையும் படித்துவிட்டார்.

"பைபிளை இங்கிலீஷ்ல போட்டதுக்கா அந்த மனுசனைக் கொன்னு எரிச்சாங்க?"

"ஆமாங்க. லத்தீன்லயே இருக்கட்டும், ஜனங்க தானா படிச்சா கெட்டுப்போயிடுவாங்கன்னு சபைல பெரியவங்க நெனச்சாங்க."

"அநியாயமா இருக்குதேமா! சாமி சொன்னது அவனவனுக்குப் புரிய வேணாமா?" என்று சீட்டைத் தட்டினார்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. "அப்ப நீங்க கோயில்ல தமிழ் அர்ச்சனைதான் கேப்பீங்க, இல்ல?"

அவர் வெளியே அடுத்த பலகையைத் தேடினார்.

"தமிழிலும் அர்ச்சனை செய்யப்படும்னு சன்னதி வாசல்லயே பலகை இருக்குதே. நீங்க படிக்காமலா?"

"வாரா வாரம் படிச்சிக்கினுதாம்மா இருக்கறேன்."

"அப்ப கேக்க வேண்டியதுதானே?" எரிச்சலில் என் குரல் உயர்ந்தது. "உங்கள யாரும் எரிக்கப் போறதில்லையே!"

"எரிச்சா எதிர்த்துக் கத்தலாம்மா. இங்க குருக்கள் ஒரு பார்வை பாப்பாரு, அவ்ளோதான். பின்னாடி நிக்கறவன் 'சீக்கிரம்பா'ம்பான். நான் பேரு, நட்சத்திரத்தச் சொல்லிட்டு வந்துடுவேன்."

அன்று வகுப்பில் எரித்தவர்களைக் கிழித்துப் போட்டேன். அந்த ஒரு பார்வையைப் பற்றி என்ன பேசுவதென்றுதான் இன்றுவரை தெரியவில்லை.