அம்மா வாங்கிய திட்டு

குழந்தைகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாராவது பூரித்துப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரியாதுதான். அதனால் என்னவெல்லாம் கெட்டுப்போகும் என்று அவர்களுக்குத் தெரியுமா? ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் ஒரே ஒரு உண்மையைச் சொன்னேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதில் பாதி என்மேல்.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தோம். எண்பதுகளின் கடைசி. மற்ற வீட்டு அம்மாக்கள் மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்து பூக் கட்டுவார்கள். என் அம்மா மட்டும் ஜோல்னாப் பையை மாட்டிக்கொண்டு வெயிலில் தெருத்தெருவாக அலைவாள். குழந்தைகள் நலனுக்கான ஒரு சின்னச் சங்கத்தில் அவளுக்கு வேலை. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்படும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பெற்றவர்களிடம் பேச வேண்டும். நோட்டு, சீருடை, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று அந்த வீட்டுக்கு வேண்டியதற்கு அலைய வேண்டும். அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று குவார்ட்டர்ஸில் பேசிக்கொள்வார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வாரம், பக்கத்து ஊரான கோவில்பதாகையிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். அவளுடைய மகள் கஸ்தூரிக்கு என் வயது. நகரத்தில் ஒரு பணக்கார வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளை அனுப்புவதாகப் புருஷன் முடிவு செய்துவிட்டானாம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நல்லா படிக்கிற பொண்ணுக்கா. எப்டியாவது தடுத்து வுடுங்க. ஆனா நான் வந்தது அந்தாளுக்குத் தெரிஞ்சா என்னிய உரிச்சிடும். நீங்களா வந்த மாரி வாங்க" என்றாள். அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்து, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு வெகுநேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம். என்னைத் தனியே விட முடியாமல் அம்மா கூடவே கூட்டிக்கொண்டு போனாள். கஸ்தூரியின் அப்பா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தான். அவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மன்னிக்க வேண்டும். அவன் எழுந்து குளித்து வேலைக்குக் கிளம்புவதற்குள் பேசியாக வேண்டும் என்று அம்மா வேகமாக நடந்தாள்.

"அடிக்கடி லீவு போடற பிள்ளைங்க பேரை ஸ்கூல்ல குடுத்தாங்க. வீடு வீடா பாத்துக்கிட்டு வர்றேன்" என்று அம்மா வாசலில் நின்று கூசாமல் பொய் சொன்னாள். நான் ஒரு பென்சில் விஷயத்தில் பொய் சொன்னதற்கு முட்டி போட வைத்தவள் அவள்.

அடுத்து நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பின்வாசலில் அழுத அதே பெண் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள்.

"யாரு உன்னியக் கூப்ட்டாங்க? எங்க ஊட்டுப் பொண்ண நாங்க படிக்க வெப்போம், வேலைக்கு வுடுவோம், உனுக்கு இன்னா? பைய மாட்டிகினு வந்துட்டா நாட்டாமை பண்றதுக்கு" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அவன்தான் கையமர்த்தினான். "இன்னாத்துக்குக் கத்தினுகீற, படிச்சவங்க வந்துகீறாங்க" என்று பெண்டாட்டியை அடக்கிவிட்டு, அம்மாவிடம், "இப்போதிக்கு அனுப்பல. இந்த வருசம் முடியட்டும், பாக்கலாம்மா" என்றான். அம்மா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். அவன் பேனாவுக்குக் கை நீட்டினான்.

எனக்கோ ஆத்திரம் கண்ணை மறைத்தது. எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு என் அம்மாவையே இந்தப் பேச்சுப் பேசுவதா?

"பொய். இவங்கதான் எங்க வீட்டுக்கு வந்து அழுதாங்க. இவங்கதான் எங்கம்மாவ வரச் சொன்னாங்க" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "அப்டியா பாப்பா? எப்ப வந்தாங்க?" என்றான். கிழமை, நேரம், கட்டியிருந்த புடவையின் நிறம் எல்லாவற்றையும் வாத்தியாரிடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தேன். கஸ்தூரியைக் கூப்பிட்டு எனக்கு ஒரு கலர் வாங்கி வரச் சொன்னான். அவள் கடைக்கு ஓடிப் போய் வாங்கி வந்து, என் கையில் கொடுத்துவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பாட்டில் முழுவதையும் குடித்தேன்.

அந்தத் திட்டைச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான் என்று எனக்கு இருபது வயதில்தான் தெரிந்தது. இப்படிப்பட்ட வீடுகளில் அது அவளுடைய வழக்கமாம். பெண்டாட்டி எகிறிக் குதித்தால் புருஷனுக்குப் பெரிய மனுஷனாக இறங்கிவரத் தோன்றும், அவள்மேல் சந்தேகமும் வராது. அதற்காக எத்தனை வாசல்களில் அம்மா அப்படித் தலைகுனிந்து நின்றாளோ. இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூட்டிப் போயிருக்கக் கூடாதா? மீதிக் கோபத்தில் ஒரு பங்கு அம்மாமேல்தான்.

கலர் தீர்ந்ததும் கிளம்பிவிடுவோம் என்று நினைத்தேன். அதுவரை நின்றுகொண்டிருந்த அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். ரேஷன் கார்டு கேட்டாள். அம்மை குத்திய விவரம் கேட்டாள். எழுதியதையே திரும்ப எழுதினாள். அவன் எல்லாவற்றுக்கும் பவ்யமாகப் பதில் சொன்னான். கஸ்தூரியின் அம்மா உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. இடையிடையே அம்மா, "எத்தனை மணிக்கு ஷிப்ட்டுக்குக் கிளம்புவீங்க?" என்று கேட்டாள். "இன்னும் டைம் கீது" என்றான் அவன்.

எனக்குப் பசித்தது. அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைக் கிள்ளினாள். ஓவென்று அழ ஆரம்பித்தேன். அழுதால் நிறுத்தத் தெரியாத ரகம் நான்.

"கொயந்தைக்குப் பசிக்குது பாருங்க. இட்டுகினு போங்கம்மா" என்று அவன் எழுந்து நின்றான். அம்மா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் எழுந்தாள். எங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்தினான்.

இன்னும் அரைமணி நேரம் நான் அழாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் ஷிப்ட்டுக்குப் போயிருப்பான். அம்மா தாயையும் மகளையும் அன்றைக்கே வேறு எங்காவது கொண்டுபோய் விட்டிருப்பாள். கஸ்தூரி அந்த வாரமே நகரத்துக்கு அனுப்பப்பட்டாள். அவளுடைய அம்மாவுக்குக் கையில் மாவுக்கட்டு அவிழ்க்க இரண்டு மாதம் ஆனது. அவன் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ஒருவரும் அவனை ஒரு கேள்வி கேட்கவில்லை.

அன்றைக்கு இதில் எதுவும் எனக்குத் தெரியாது. தெருமுனை வந்ததும் அம்மா நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு என்னை அங்கிருந்த பெட்டிக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, பையையும் அங்கேயே போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்த வழியே ஓடினாள். அம்மா ஓடி அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்குப் பசிக்கிறது என்று தெரிந்தும், அத்தனை திட்டின வீட்டுக்கே போகிறாளே, இவளுக்கு ரோஷமே கிடையாதா என்று மண்ணில் காலை உதைத்துக்கொண்டு அழுதேன்.