பக்கு பிடித்த சூளை

அடுத்தவர் அடுப்புக்குள் தலையை விட்டுப் பிழைப்பதுதான் எங்கள் தொழில். பாலக்காட்டு எல்லையோரம் ஒரு சிமெண்ட் ஆலையில் சூளைக்குள் செங்கல் பதிக்கும் கொத்தன் நான். ஆலையின் பெயர் வேண்டாம், இன்னும் சோறு போடுகிறது. ரயில் எஞ்சினில் கரி அள்ளுகிறவர்களே, ரொட்டி அடுப்புக்காரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பக்கு

எங்கள் சூளை படுத்துக்கிடக்கிற பெரிய இரும்புக் குழாய். சுற்றிக்கொண்டே இருக்கும். இரும்பு உருகாமல் இருக்க உள்ளே சூடு தாங்கும் பயர் செங்கல். எரிகிற சுண்ணாம்புக் கல் அந்தச் செங்கல்மேல் ஒட்டி, புண்ணில் பிடிக்கிற பக்கு மாதிரி இறுகிவிடும். சூட்டை வாங்கி உதிர்வது அது. தப்பிப்பது செங்கல். கல்பாத்தி அக்கிரகாரத்திலிருந்து வரும் எங்கள் இஞ்சினீயர் முதல் நாளே சொன்னார்: "அழுக்குன்னு நெனைச்சுடாதீங்கோ. அது இருக்கறவரைக்குந்தான் இரும்பு இருக்கும்."

ஆயுத பூஜை

என் தங்கை புருஷன் கருப்புசாமி புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். பக்தி ஜாஸ்தி. பூஜைக்காகச் சூளையை நிறுத்தி ஆறவிட்டிருந்தார்கள். இஞ்சினீயர் கல்பாத்திக்குப் போய்விட்டார், நான் பெருமாட்டியில் என் வீட்டில் இருந்தேன். அவன் சும்மா இருந்திருக்கலாம், பாவி. உளியும் சுத்தியலுமாக உள்ளே புகுந்து பக்கு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டான். நான் திரும்பி வந்து பார்க்கிறேன், செங்கல் வழவழவென்று மின்னுகிறது, வரிசையாகச் சந்தனப் பொட்டு. அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "சாமி வர்ற எடத்துல இத்தன அழுக்கு ஆகுங்களா மச்சான்?"

சிவப்பு

இஞ்சினீயர் தலையில் கைவைத்துக்கொண்டார். புதுப் பக்கு பிடிக்கட்டும் என்று இளந்தீயில் ஓட்டிப் பார்த்தார், சரியாகப் பிடிக்கவில்லை. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், பொழுது சாயும் நேரம், வெளி இரும்பில் தட்டு அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. உள்ளே செங்கல் போய்விட்டது என்று அர்த்தம்.

சூளையை நிறுத்தினார்கள். ஆற நாள் கணக்காகும். மேனேஜர் காத்திருக்கத் தயாரில்லை. உடனே ஆள் இறங்கட்டும் என்றார். இஞ்சினீயர் கூடாது என்று சண்டையே போட்டார், எடுபடவில்லை. ஒருவரும் அசையவில்லை. கருப்புசாமி சட்டையைக் கழற்றி, ஈரச் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டான். கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டான். "நான் கொத்துனது மச்சான். நானே பதிக்கறனுங்க."

ஆஸ்பத்திரி

பதித்தான். ஆனால் சாக்கின் ஈரம் ஆவியாகி முதுகை வேகவைத்துவிட்டது, உள்ளே இழுத்த காற்று தொண்டையைச் சுட்டுவிட்டது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் அவன் உயிரோடு எழுந்திருப்பானா என்று காத்துக் கிடந்தோம். எழுந்தான். மேனேஜரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசறாருன்னு தெரியுதுங்கண்ணா. என்ன பேசறாருன்னுதான் தெரியல."

குரங்கு

அதற்கப்புறம் அவனைச் சூளைப்பக்கம் யாரும் கூப்பிடவில்லை. வாளையாரில் ராவுத்தர் டீக்கடையில் கிளாஸ் கழுவினான். சில வருஷம் கழித்து ஒருநாள் இஞ்சினீயர் அங்கே என்னோடு உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படித்தார். அமெரிக்காக்காரன் ராக்கெட்டில் குரங்கை வைத்து மேலே அனுப்பினானாம். திரும்பி விழும்போது காற்றில் உரசியே நெருப்பாகிவிடுமாம். "வெளியில போட்ட கவசம் எரிஞ்சு உதிர்ந்து சூட்டைக் கொண்டுபோயிடறது. உள்ளே குரங்கு பொழைச்சுடுத்து. நம்ம பக்குதான் ஓய்" என்றவர், கருப்புசாமி நிற்பதைப் பார்த்துச் சட்டென்று பேப்பரை மடித்தார்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். கேட்பதற்கு நாங்கள் குனிய வேண்டியிருந்தது. "ஏனுங்க, கொரங்க வெளிய எடுக்கறதுக்கு முன்னால, ஆறட்டும்னு உட்டாங்களாங்க?"

சூளைக்குப் பக்கு பிடித்துவிடுகிறது, அதில் வேகிற நமக்குத்தான் இன்னும் பிடிக்கக் காணோம்.