திறந்தால்தான் எரிகிறதாம்

வீட்டிலேயே கேக் செய்து விற்கலாம் என்று இறங்கிய எனக்கு இன்றுதான் முதல் ஆர்டர். மகளின் வகுப்புத் தோழிக்குப் பிறந்தநாள்.

ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்கி, கேக் மாவை உள்ளே வைத்தேன். "கொஞ்சம் பாத்துக்கங்க மாமா" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு, க்ரீம் வாங்க ஆலங்குடி கடைத்தெருவுக்குப் போனேன். மாமாவை நம்பிப் போனதில்தான் சறுக்கியது.

திரும்பி வந்தால் ஓவன் கதவு ஆவென்று திறந்திருக்கிறது. எதிரே ஸ்டூல் போட்டு மாமா.

"செவப்பு லைட்டு அணைஞ்சு அணைஞ்சு போகுதுத்தா. கதவத் தொறந்தா கொஞ்ச நேரத்துல பத்திக்கிருது. நாலஞ்சு தடவ நாந்தான் பத்த வச்சேன்."

"மாமா, சூடு போதும்னா அது தானா அணையும். சூடு கொறஞ்சா தானா எரியும். நீங்க தொறந்ததாலதான் சூடு கொறஞ்சு எரிஞ்சிருக்கு."

"அதத்தானத்தா நானும் சொல்றேன். தொறந்தா எரியுது."



கேக்கை வெளியே எடுத்தேன். கதவைத் திறந்து திறந்து சூடு போனதில் நடுவில் அமுங்கி, கிண்ணம் மாதிரிக் குழி. மாமா எட்டிப் பார்த்தார்.

"க்ரீம் ஊத்த எடம் விட்டிருக்கியாக்கும்?"

மணி நாலரை. ஐந்துக்குக் கேக்கை வாங்க வந்துவிடுவார்கள். அந்தக் குழிக்கு எவ்வளவு க்ரீம் பிடிக்கும், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.