அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட ஓணான்

பிரிஜட்டிடம் "முடியாது" என்று சொல்லி ஜெயித்தவர்கள் சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் இல்லை. பெண் பார்க்க வந்தவன் வேலையை விடச் சொன்னான். அவள் அவனை விட்டாள். மார்சிலிங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. காலை முதல் மாலை வரை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகக்கண் அளவு சில்லுகளில் கோணல் தேடும் வேலை. கழிப்பறைக்குப் போகவும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம் வந்தபோது, "நீங்களும் சீட்டு வாங்கிட்டுத்தான் போறீங்களா சார்?" என்று மேனேஜரிடமே கேட்டவள். அதோடு அந்தச் சட்டம் செத்தது.

எண்பதுகளின் நடுவில் அவளுக்கு இன்னொரு வழக்கு வந்து சேர்ந்தது. மேல்மாடி வீட்டுச் சந்திரமதி ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு தோப்பு தோப்பாக அலைந்து, நம்மவர்கள் பச்சோந்தி என்று சொல்லும் பச்சை ஓணானைத் தேடிக்கொண்டிருந்தாள். இளந்தளிர்ப் பச்சை, உடம்பைவிட நீளமான வால். சிங்கப்பூரில் அது குறைந்துகொண்டே போகிறதா, அடியோடு அழிந்துபோகுமா என்பதுதான் அவளுடைய கவலை.

பிரிஜட் சிரித்தாள். "அழியுதா? எங்க ஃபேக்டரி வேலியில வந்து பாரு லா. வரிசையா உக்காந்திருக்கு."

சந்திரமதி வந்து பார்த்தாள். "அக்கா, இதெல்லாம் பழுப்பா இருக்கே."

"பச்சோந்தின்னா நிறம் மாறத்தானே செய்யும்?"

"பச்சை பயந்தா பழுப்பாகும், பயம் போனா திரும்பப் பச்சையாகிடும். இது எந்தக் காலத்துலயும் பச்சையாகாது. வேற ஜாதிக்கா. வடக்கேயிருந்து புதுசா வந்தது. மரத்தை வெட்டித் திறந்து போட்ட எடத்துல எல்லாம் இது குடியேறுது. பச்சை அங்க இருக்க முடியாம போயிடுது."

நிறம் மாறியிருக்கிறது என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்டார்கள். ஆளே மாறிப்போனது யாருக்கும் தெரியவில்லை. நாளெல்லாம் கோணல் தேடுகிற பிரிஜட்டின் கண்ணுக்கும் தெரியவில்லை. அது அவளுக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

பொங்கோலில் பன்றிப் பண்ணைகளைத் தாண்டி ஒரு சிறிய அந்தோனியார் கோயில் இருந்தது. அவள் ஞானஸ்நானம் பெற்ற கோயில். அதன் பின்னால் ரம்புத்தானும் பலாவும் செம்பருத்தியும் பின்னிக் கிடந்த தோப்பில் இன்னும் பச்சை ஓணான் இருந்ததை இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த மாதமே கோயில் கமிட்டி கூடி, திருவிழாவுக்கு முன் தோப்பை வெட்டிக் கார் நிறுத்த இடம் பண்ணுவதென்று தீர்மானித்தது.

அந்தக் கூட்டத்திலேயே பிரிஜட் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். கமிட்டித் தலைவர் சூசைநாதன் நல்ல மனிதர். ஆனால் தான் பேசும்போது தன் குரலை ரசிக்கிறவர்.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கச் சொல்றியாம்மா? வாசல் கம்பியில பாரு, எவ்வளவு திரியுது. பச்சையா இருந்தா என்ன, பழுப்பா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்."

கூடம் சிரித்தது. பிரிஜட் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"வெட்ட முடியாதுண்ணே. அந்தத் தோப்பு ஓணானை நான் அந்தோனியாருக்கு நேர்ந்து விட்டுட்டேன்."

நேர்ந்துவிட்ட கோழி அடுப்படிக்கே வந்து அரிசியைக் கொத்தினாலும் கல்லெடுக்காத சனம் அது. புனிதரின் சொத்தில் கைவைத்து யார் வீட்டில் காய்ச்சல் வந்தாலும் பழி கமிட்டியின் தலையில்தான் விழும்.

ஆனால் சூசைநாதனும் லேசுப்பட்டவர் அல்ல. "சரி. நேர்ந்துவிட்டதைத் திருவிழாவுல ஏலம் விடணும், அதுதான் முறை. ஓணானைப் பிடிச்சு ஏலம் விடுறோம். நேர்ச்சை முடிஞ்சிடும். மறுநாள் மரத்தை வெட்டுறோம்."

முறையில் இப்படி ஒரு வாசல் இருப்பதை பிரிஜட் யோசிக்கவே இல்லை. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "பிடிங்க. ஆனா பச்சைதான் நேர்ச்சை. பழுப்பைக் கொண்டுவந்து சாமியை ஏமாத்தாதீங்க," என்றாள்.

திருவிழாவன்று பூசை முடிந்ததும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் தோப்புக்குள் இறங்கினார்கள். அசன விருந்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களோடு பிரிஜட்டும் உட்கார்ந்து உரித்தாள். உள்ளே கிளை குலுங்கும் ஒவ்வொரு தடவையும் அவள் கையிலிருந்த கத்தி நின்றது. சிலர் வாசல் கம்பியிலிருந்து பழுப்பு ஓணான்களைச் சுலபமாகப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். வெயிலில் வைத்தார்கள், இலைமேல் வைத்தார்கள், நிழலில் வைத்து அப்பால் போய் நின்றும் பார்த்தார்கள். ஒன்றுகூடப் பச்சையாகவில்லை. சோறு வெந்து, குழம்பு கொதித்து, சனம் பசியில் முணுமுணுக்கத் தொடங்கியது. தோப்புக்குள் போனவர்கள் செவ்வெறும்புக் கடியோடு ஒவ்வொருவராக வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கடைசியாக வந்தவர் சூசைநாதன். சட்டை கிழிந்திருந்தது. நேராகப் பிரிஜட்டிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"பலா உச்சியில ஒண்ணு இருக்கு. கைக்கு எட்டுற தூரத்துல உக்காந்து என்னையே பாத்துச்சு. பிடிக்க மனசு வரலைம்மா. தோப்பு முழுக்கத் தேடிட்டேன், இன்னொண்ணு கண்ணுல படலை. சின்னப் பிள்ளையில இங்க கொம்பைத் தொட்டா நாலு ஓடும்."

"இவ்வளவு குறைஞ்சு போச்சுன்னு எனக்கும் தெரியாதுண்ணே. முதல்ல நானும் நெறைய இருக்குன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

ஏல மேடைக்குக் கீழிருந்து ஒரு குறும்புக்காரன், "தலைவரே, ஓணான் எங்க?" என்று குரல் கொடுத்தான். கூட்டம் சிரித்தது. சூசைநாதன் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். இந்தத் தடவை அவர் தன் குரலை ரசிக்கவில்லை.

"நேர்ச்சை முடியலை. உள்ள பச்சை ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். மரத்துல எவனும் கைவைக்கக் கூடாது. சிரிக்கிறவன் உள்ள போயி, அதுக்கு ஒரு ஜோடி இருக்குன்னு காட்டிட்டு வந்து சிரிடா."